ஒரு சின்ன அசிட்டைலை ஆன்டிபாடி எப்படி அடையாளம் காண்கிறது?

ஆய்வக ஃப்ரீசரில் ஒரு சின்னக் குப்பி. லேபிளில் 'ஆன்டி எச்3கே27ஏசி, முயல், பாலிகுளோனல்' என்று எழுதியிருக்கும். குரோமாட்டின் (டிஎன்ஏவும் அதைச் சுற்றி வைக்கும் புரதங்களும் சேர்ந்தது) ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பெயரே கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும். பிரித்துப் படித்தால் சுலபம். எச்3 என்பது ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்று. கே என்பது லைசின் என்ற அமினோ அமிலத்தின் ஓரெழுத்துக் குறி. 27 என்பது புரதத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் அந்த லைசின் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது. ஏசி என்றால் அந்த லைசின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதி ஏறியிருக்கிறது. ஆக, எச்3 புரதத்தின் 27-ஆவது இடத்து லைசினில் அசிட்டைல் இருந்தால் மட்டும் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைப் பிடிக்கும் நோயெதிர்ப்புப் புரதம், இது. அந்த 'மட்டும்' எவ்வளவு தூரம் உண்மை என்பதில்தான் இந்த ஆன்டிபாடிகளின் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் ஹிஸ்டோனைப் பார்ப்போம். மனிதச் செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நேராக நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு நீளத்தையும் அதற்குள் அடக்கி வைக்கும் முதல் கட்ட வேலையை ஹிஸ்டோன்கள் செய்கின்றன. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகியவற்றில் தலா இரண்டு, மொத்தம் எட்டுப் புரதங்கள் சேர்ந்த ஓர் உருண்டையின் மேல் டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. ஓர் உருண்டைக்கு ஏறத்தாழ 147 கார இணைகள். ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இப்படி ஓர் அலகு இருக்க வேண்டும் என்று ரோஜர் கோர்ன்பெர்க் 1974-இல் முன்வைத்தார். அணு அணுவாகப் பார்க்கும் அளவுக்குத் தெளிவான படிக அமைப்பு 1997-இல் சூரிச்சிலிருந்து கரோலின் லூகர், டிமத்தி ரிச்மண்ட் குழுவிடமிருந்து வந்தது.

அந்தப் படத்தில் நம் விஷயத்துக்கு வேண்டிய ஒரு தகவல் இருக்கிறது. ஹிஸ்டோன்களின் முன்பகுதிகள் உருண்டைக்குள் அடங்குவதில்லை. வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, குறிப்பிட்ட வடிவம் எதுவும் இல்லாமல் இருக்கின்றன. எச்3 மொத்தம் 135 அமினோ அமிலங்கள். அதில் முதல் 35, 40 வரை வால். 27-ஆவது லைசின் இந்த வாலில்தான் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நொதிகளுக்கு எட்டும். ஆன்டிபாடிக்கும் எட்டும்.

லைசினின் பக்கக் கிளை நுனியில் நேர்மின்சுமை உண்டு. டிஎன்ஏ எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஈர்க்கும். லைசினின் நுனியில் அசிட்டைல் ஏறினால் அந்த நேர்மின்சுமை போய்விடும், பிடி தளரும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இது பாதிக் கதைதான். ஒரே ஒரு லைசினில் மின்சுமை போவதால் மட்டும் குரோமாட்டின் திறந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அசிட்டைல் ஏறிய லைசினை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்கள் செல்லில் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் புரோமோடொமைன் என்ற பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது என்பது 1999-இல் தெரிய வந்தது. அந்தப் புரதங்கள் வந்து உட்கார்ந்த பிறகு மற்ற இயந்திரங்கள் கூடுகின்றன, மரபணு படியெடுக்கப்படுகிறது. அசிட்டைலை ஏற்றும் நொதிகள் தனி, இறக்கும் நொதிகள் தனி. இரண்டு வகையிலும் முக்கியமான நொதிகள் 1996-இல், ஒரே ஆண்டில், கையில் சிக்கின. ஏற்றும் நொதியை டேவிட் ஆலிஸின் ஆய்வகம் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியிலிருந்து பிரித்தது. இறக்கும் நொதியை ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஆய்வகம் பிடித்தது.

ஆனால் அசிட்டைலுக்கும் மரபணு இயக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்ற எண்ணம் அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் பழையது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-இலேயே அதை எழுதிவிட்டார். கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த உட்கருக்களுக்குக் கதிரியக்கக் கார்பன் கொண்ட அசிடேட்டைக் கொடுத்து, அது ஹிஸ்டோனில் போய் ஏறுவதை அளந்தார்கள். முறை நன்றாக வேலை செய்தது. ஆனால் அதில் ஒரு குறை. மொத்த ஹிஸ்டோனில் எவ்வளவு அசிட்டைல் என்று தெரியும். எந்த லைசினில் என்றோ, எந்த மரபணுவின் மேல் இருக்கும் ஹிஸ்டோனில் என்றோ தெரியாது. இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் ஆன்டிபாடி தேவைப்பட்டது.

கேள்வி எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். எச்3-இன் நிறை சுமார் 15,300 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு). அசிட்டைல் ஏறினால் கூடுவது 42 டால்டன். ஜெல்லில் ஓட்டிப் பார்த்து எச்3-இல் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கலாம் என்றால் சாதாரணமாக நடக்காது. நிறைமானியில் பார்க்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: அதே லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினாலும் கூடுவது 42 டால்டன்தான். 42.011-க்கும் 42.047-க்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லும் நல்ல கருவி வேண்டும். 27-ஆவது லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அந்த இடத்து மரபணு அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அசிட்டைல் இருந்தால் அதற்கு நேர் எதிர். ஏறக்குறைய ஒரே எடை, எதிரெதிர் அர்த்தம். ஒரு லைசினில் ஒரே நேரத்தில் இரண்டும் இருக்கவும் முடியாது.

ஆன்டிபாடி எப்படி வருகிறது

எச்3 வாலின் ஒரு சிறு துண்டை, பத்துப் பதினைந்து அமினோ அமில நீளத்துக்கு, வேதியியல் முறையில் தயாரிக்கிறார்கள். அதில் 27-ஆவது லைசினை மட்டும் அசிட்டைல் ஏற்றிய லைசினாக வைக்கிறார்கள். இந்தத் துண்டை அப்படியே முயலுக்கு ஊசி போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. துண்டு மிகச் சிறியது. நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. போதாததற்கு ஹிஸ்டோன் என்பது பரிணாமத்தில் மிகக் குறைவாக மாறிய புரதங்களில் ஒன்று. பட்டாணிச் செடியின் எச்4-க்கும் கன்றின் எச்4-க்கும் இடையே 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டுதான் வேறுபடுகின்றன. முயலின் உடலுக்கு மனித ஹிஸ்டோன் துண்டு அந்நியமாகவே தெரியாது. அதனால் அந்தத் துண்டை ஒரு பெரிய, உண்மையிலேயே அந்நியமான புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். கடல் நத்தை ஒன்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம், கேஎல்எச் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், இதற்கு அதிகம் பயன்படுகிறது.

சில வாரங்கள் கழித்து முயலின் சீரத்தை எடுத்தால் அதில் பலவகை ஆன்டிபாடிகள் கலந்து இருக்கும். கடல் நத்தைப் புரதத்தைப் பிடிப்பவை, அசிட்டைல் இல்லாத எச்3 துண்டைப் பிடிப்பவை, எந்த அசிட்டைல் லைசினைக் கண்டாலும் பிடிப்பவை, நமக்கு வேண்டியவை என்று எல்லாம் சேர்ந்து இருக்கும். இதைச் சுத்தம் செய்யும் படியில்தான் ஒரு ஆன்டிபாடியின் தரம் பெரும்பாலும் முடிவாகிறது என்பது என் கருத்து. அசிட்டைல் இல்லாத துண்டுகளைப் பதித்த மணிகள் நிரப்பிய ஒரு குழாயின் (காலம்) வழியாகச் சீரத்தை ஓட்டினால், வெறும் வாலைப் பிடிப்பவை அதிலேயே தங்கிவிடும். வெளியே வருவதை அசிட்டைல் ஏறிய துண்டுகள் பதித்த இன்னொரு குழாயில் ஓட்டி, ஒட்டியதை மட்டும் மீட்டெடுக்கிறார்கள். இதுதான் பாலிகுளோனல். ஒரு முயலின் இரத்தம் தீர்ந்தால் அடுத்த முயல். அடுத்த முயலின் ஆன்டிபாடிக் கலவை வேறு மாதிரி இருக்கும். மோனோகுளோனல் என்றால் ஒரே ஒரு செல்லின் சந்ததி சுரக்கும் ஒரே வகை ஆன்டிபாடி. ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975-இல் கண்ட வழி. அதில் தொகுதிக்குத் தொகுதி மாறும் தொல்லை குறைவு. ஆனால் மோனோகுளோனல் என்பதாலேயே அது சரியான இடத்தைத்தான் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. தவறான இடத்தை மாறாமல் பிடித்துக்கொண்டே இருக்கவும் அதனால் முடியும்.

ஆன்டிபாடிக்கு எண் தெரியாது

எச்3 வாலை எழுத்தெழுத்தாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 7-ஆவது இடத்திலிருந்து அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். 25-ஆவது இடத்திலிருந்தும் அதே அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். முதலாவதில் இருக்கும் லைசின் 9-ஆவது. இரண்டாவதில் இருப்பது 27-ஆவது. இரண்டுக்குமே அசிட்டைல் ஏறும்.

ஆன்டிபாடி பிடிப்பது சில அமினோ அமிலங்கள் அகலமுள்ள ஒரு சிறு பரப்பை. ஒரே மாதிரிக் கட்டிய லைன் வீடுகளில், கதவு எண்ணைப் பார்க்காமல் கதவையும் இரண்டு பக்கச் சுவரையும் மட்டும் பார்த்து வீட்டைத் தேடுபவர் நிலைதான் அதற்கு. அந்த நான்கு எழுத்துகளைத் தாண்டி அக்கம்பக்கத்தையும் அது பார்க்கிறதென்றால் 9-ஐயும் 27-ஐயும் பிரித்துவிடும்: 9-க்குப் பின்னால் செரின், த்ரியோனின், கிளைசின்; 27-க்குப் பின்னால் செரின், அலனின், புரோலின். அவ்வளவு தூரம் பார்க்காத ஆன்டிபாடி இரண்டிலும் போய் ஒட்டும். லேபிளில் என்னவோ 27 என்றுதான் இருக்கும்.

எச்4-இல் சிக்கல் இன்னொரு மாதிரி. அதன் வாலில் 5, 8, 12, 16 ஆகிய இடங்களில் லைசின்கள் நெருக்கமாக இருக்கின்றன. 5-ஆவது லைசினுக்கு என்று விற்கப்படும் ஆன்டிபாடி, அதன் பக்கத்தில் 8-உம் 12-உம் சேர்ந்து அசிட்டைல் ஏறியிருந்தால் இன்னும் வலுவாகப் பிடிப்பது உண்டு. அப்போது நீங்கள் பார்க்கும் சமிக்ஞை 5-ஆவது லைசினைப் பற்றியதா, மொத்த வாலைப் பற்றியதா?

பக்கத்து வீட்டில் நடப்பதும் பாதிக்கும். எச்3-இல் 9-ஆவது லைசினை ஒட்டி 10-ஆவது இடத்தில் செரின். செல் பிரியும் நேரத்தில் அதன்மேல் பாஸ்பேட் ஏறும். 9-ஆவது லைசினில் அசிட்டைல் இருந்தும், பாஸ்பேட் மறிப்பதால் சில ஆன்டிபாடிகளால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. சமிக்ஞை குறைந்தால் அசிட்டைல் குறைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் செரினையும் நினைக்க வேண்டும்.

இவையெல்லாம் அரிதாக நடப்பவை என்று நினைக்க வேண்டாம். ஹிஸ்டோன் மாற்றங்களுக்கான 200-க்கும் மேற்பட்ட ஆன்டிபாடிகளைச் சோதித்து 2011-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. ஆனால் நான்கில் ஒன்றுக்கும் மேல் அடிப்படைத் தனித்தன்மைச் சோதனையிலேயே தேறவில்லை. தேறியவற்றிலும் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் குரோமாட்டின் பரிசோதனையில் கைவிட்டன. ப்ராஜெக்ட்டுக்கு ஆறு மாதமே இருக்கும் ஒரு மாணவருக்கு இந்த விகிதம் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை வழிகாட்டிகள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சோதிக்கும் முறைகள் கடினமானவை அல்ல. எளியது புள்ளிச் சோதனை: அசிட்டைல் இல்லாத துண்டு, 9-இல் உள்ள துண்டு, 27-இல் உள்ள துண்டு, 27-இல் மூன்று மெத்தில் உள்ள துண்டு என்று வரிசையாகச் சவ்வில் சொட்டு வைத்து, ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று பார்ப்பது. ஒவ்வொன்றையும் பல அளவுகளில் வைப்பது நல்லது. ஒரே அளவில் வைத்தால் பத்து மடங்கு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இன்னொன்று, செல்களுக்கு சோடியம் பியூட்டிரேட் அல்லது டிரைக்கோஸ்டாட்டின் ஏ கொடுத்துப் பார்ப்பது. இவை அசிட்டைலை இறக்கும் நொதிகளைத் தடுப்பவை. செல்லின் புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் பார்த்தால், மருந்து கொடுத்த செல்களில் பட்டை அடர்த்தியாக வேண்டும், மொத்த எச்3 அதே அளவில் இருக்க வேண்டும். எச்3-இன் பட்டை ஜெல்லில் அதன் உண்மை நிறையைவிடச் சற்று மேலே, 17 கிலோடால்டன் பக்கம் வரும். வேறு உயரத்தில் தடித்த பட்டைகள் வந்தால் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது. ஒன்று கவனியுங்கள்: மருந்து கொடுத்தால் 9, 27 இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆக இந்தச் சோதனை அசிட்டைலைப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும், 27-ஐப் பிடிக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்குத் துண்டுகள்தான் வேண்டும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு, பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். செல்லை உடைத்த பிறகும் அசிட்டைலை இறக்கும் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். உடைக்கும் கரைசலிலேயே பியூட்டிரேட்டைச் சேர்த்து, எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்துச் செய்யாவிட்டால், ஜெல்லுக்குப் போகும் முன்பே நீங்கள் தேடியது கரைந்துபோயிருக்கும். பழியை ஆன்டிபாடி சுமக்கும்.

எந்த மரபணுவின் மேல்?

நல்ல ஆன்டிபாடி கையில் இருந்தால் என்னென்ன தெரியும் என்பதற்கு பர்மிங்ஹாமில் பிரையன் டர்னர் செய்த வேலையைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எச்4-இன் ஒவ்வொரு லைசினுக்கும் தனித்தனியாக ஆன்டிபாடி தயாரித்து, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ராட்சதக் குரோமோசோம்களின் மேல் அவற்றை ஒளிரவிட்டுப் பார்த்தார்கள். 1992-இல் வெளியானது. 16-ஆவது லைசினுக்கான ஆன்டிபாடி ஆண் ஈயின் எக்ஸ் குரோமோசோமை நெடுகப் பளிச்சென்று காட்டியது. பெண் ஈயின் எக்ஸில் அப்படி இல்லை. ஆண் ஈக்கு எக்ஸ் ஒன்றுதான், பெண்ணுக்கு இரண்டு. அந்த ஒன்றை இரண்டுக்கு ஈடாக வேலை வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் வேலையின் முத்திரை 16-ஆவது லைசினில் தெரிந்தது. அதே சமயம் 12-ஆவது லைசினுக்கான ஆன்டிபாடி, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் இறுகிய குரோமாட்டினிலும் ஒளிர்ந்தது. அசிட்டைல் என்றாலே மரபணு ஓடுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, எந்த லைசின் என்று கேட்க வேண்டும் என்பதை இப்படிக் கண்ணால் பார்க்க முடிந்தது. அடுத்த வருடம் பீட்டர் ஜெப்பசனோடு சேர்ந்து பாலூட்டிகளைப் பார்த்தார். பெண் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எச்4 அசிட்டைலுக்கான ஆன்டிபாடியைப் போட்டால் மற்ற எல்லாக் குரோமோசோமும் ஒளிரும், அந்த ஒன்று மட்டும் இருட்டாகவே நிற்கும்.

நுண்ணோக்கியில் குரோமோசோம் தெரியும், தனி மரபணு தெரியாது. அதற்குத்தான் சிப் என்று சுருக்கமாகச் சொல்லும் முறை. செல்களை 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் பத்து நிமிடம் வைத்தால் ஹிஸ்டோனும் டிஎன்ஏவும் இருந்த இடத்திலேயே பிணைந்துகொள்ளும். பிறகு ஒலியலைகளால் குரோமாட்டினைச் சில நூறு கார இணை நீளத் துண்டுகளாக உடைப்பார்கள். ஆன்டிபாடியைச் சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் சுழலவிட்டு, ஆன்டிபாடியைப் பிடிக்கும் காந்தமணிகளைப் போட்டு, காந்தத்தால் இழுத்துக் கழுவினால், அசிட்டைல் ஏறிய நியூக்ளியோசோம்களும் அவற்றோடு இருந்த டிஎன்ஏவும் மிஞ்சும். 65 டிகிரியில் சூடாக்கிப் பிணைப்பைப் பிரித்து, அந்த டிஎன்ஏ எந்த மரபணுவைச் சேர்ந்தது என்று படிக்கலாம். ஆன்டிபாடி போடாத மொத்தக் குரோமாட்டினில் கொஞ்சம் எடுத்து வைத்து ஒப்பிடுவதும், எதையும் குறிவைக்காத சாதாரண முயல் ஆன்டிபாடியோடு ஒரு குழாய் ஓட்டுவதும் கட்டாயம்.

அசிட்டைல் ஏறிய ஹிஸ்டோன்கள் ஓடும் மரபணுவின் மேல்தான் குவிகின்றன என்பதை நேரடியாகக் காட்டியது 1988-இல் ஹெப்ஸ், தார்ன், கிரேன்-ராபின்சன் மூவரும் கோழிக் கரு இரத்தச் செல்களில் செய்த வேலை. அவர்கள் ஃபார்மால்டிஹைடே இல்லாமல் செய்தார்கள். குளோபின் மரபணு அந்தச் செல்லில் ஓடும். முட்டை வெள்ளைப் புரதத்துக்கான மரபணு ஓடாது. ஆன்டிபாடி இழுத்து வந்ததில் குளோபின் பல மடங்கு செறிந்திருந்தது, மற்றது செறியவில்லை. இரண்டு மரபணுக்கள், ஒரே செல், ஒரே குழாய். இதைவிடத் தெளிவாக ஒரு பரிசோதனையை அமைக்க முடியாது என்பேன்.

எச்3கே27ஏசி பிரபலமானது அதற்கு வெகு பின்னால். மரபணுவிலிருந்து தொலைவில் இருந்துகொண்டே அதை முடுக்கிவிடும் டிஎன்ஏ பகுதிகள் உண்டு. அவற்றில் எது இப்போது வேலை செய்கிறது, எது காத்திருக்கிறது என்பதை இந்த ஒரு குறி பிரித்துக் காட்டும் என்று 2010, 2011-இல் வந்த ஆய்வுகள் சொன்னன. அதன் பிறகு கிட்டத்தட்ட எந்தத் திசுவை ஆராய்ந்தாலும் முதலில் எடுக்கும் ஆன்டிபாடிகளில் ஒன்றாக இது ஆகிவிட்டது. ஆனால் குறி இருக்கும் இடத்தில் வேலை நடக்கிறது என்பது ஒன்று. குறிதான் வேலையை நடத்துகிறது என்பது வேறு. ஆன்டிபாடி முதலாவதை மட்டுமே சொல்லும்.

கடைசியாக ஒரு கணக்குச் சிக்கல். புற்றுநோய்ச் செல்களுக்கு வொரினோஸ்டாட் மாதிரி, அசிட்டைலை இறக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு சிப் செய்கிறீர்கள் என்று வையுங்கள். மரபணுத் தொகுதி முழுக்கவே அசிட்டைல் கூடியிருக்கும். ஆனால் டிஎன்ஏவைப் படிக்கும் இயந்திரத்தில் இரண்டு மாதிரிகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் துண்டுகளைப் படிக்கிறோம். பிறகு மொத்த எண்ணிக்கையால் வகுத்துச் சமப்படுத்துகிறோம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கூடியது அந்த வகுத்தலில் காணாமல் போகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதிரியிலும் செல் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரே விகிதத்தில் பழ ஈயின் குரோமாட்டினைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். ஈயின் எச்3 வாலும் நம்முடையதும் ஒன்றே என்பதால் அதே ஆன்டிபாடி இரண்டையும் இழுக்கும். டிஎன்ஏ வரிசை வேறு என்பதால் படித்த பிறகு ஈயுடையது எது, மனிதனுடையது எது என்று பிரித்துவிடலாம். ஈயின் பங்கு இரண்டு குழாயிலும் மாறக் காரணம் இல்லை. அதை அளவுகோலாக வைத்து மனிதத் துண்டுகளை எண்ணினால், மருந்து கொடுத்த குழாயில் உண்மையில் எத்தனை மடங்கு கூடியது என்று தெரிந்துவிடும்.